கிணற்றுத் தண்ணீருக்குள் துள்ளுகிற வெள்ளைப் பொட்டுகள்: மருந்து போடுவதா, விடுவதா?

நீர்வேலிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில், வாழைத்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கிணறு மாமனாரின் தகப்பன் வெட்டியது. வட்டமாகக் கட்டியிருக்கிறது, மேலே மூடி இல்லை. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் கட்டுக்கு இரண்டு முழம் கீழே வரைக்கும் ஏறிவிட்டது. போன கிழமை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி யன்னலோரம் வைத்தேன். வெயில் பட்டதும் உள்ளே உப்புத் தூள் மாதிரி வெள்ளைப் பொட்டுகள். தூசி என்றால் மெல்ல அடியில் போய்ப் படுக்குமே, இவை துள்ளுகின்றன! ஒரு துள்ளு, ஒரு நிறுத்தம், பிறகும் ஒரு துள்ளு. ஏழாம் வகுப்புப் படிக்கிற மகன் கைவில்லையால் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு வால் பக்கம் ரெண்டு பை தொங்குது" என்றான். எனக்கு அதோடு குமட்டல் வந்துவிட்டது.

மாமிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "நாங்கள் சீலையால வடிச்சுக் குடிச்சனாங்கள், எங்களுக்கு என்ன வந்தது?" என்கிறா. இவர் குளோரின் போடுவோம் என்கிறார். போன வருடம் கிணறு இறைக்க வந்த ஒருவர் அளவு கிளவு பாராமல் ஒரு பையை அப்படியே கொட்டிவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் பார்த்தால் கிணறு நிறைய நுளம்புக் குடம்பிகள். ஆகவே மருந்து என்றாலே எனக்குப் பயம்.

இவை என்ன பூச்சிகள்? குடித்தால் ஏதும் வருமா?

---

சும்மா_வந்தவன் எழுதியது:

அக்கா, யோசிக்காதேங்கோ. சைவக்காரர் என்றால் மட்டும் பிரச்சினை. மற்றவர்களுக்கு இலவச இறால்.

---

பழைய_உயிரியல்_சேர் எழுதியது:

மேலே தம்பி பகிடி விட்டிருக்கிறார், ஆனால் சொன்னது பாதி சரி. பிள்ளை, உங்கள் கிணற்றில் இருப்பது பூச்சி இல்லை. இறால், நண்டு எந்தப் பெரும் பிரிவோ அதே பிரிவைச் சேர்ந்த ஒரு மில்லிமீற்றர் உயிரினம். பெயர் சைக்கிளொப்ஸ். மகன் சொன்ன "ரெண்டு பை"யை வைத்தே சொல்லிவிடலாம். அது பெண். பை இரண்டும் முட்டைப் பைகள். இன்னும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள், தலையின் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். அதுதான் கண். கிரேக்கப் பழங்கதையில் வருகிற ஒற்றைக்கண் அரக்கனின் பெயரைத்தான் இந்தச் சின்னதுக்கு வைத்தார்கள்.

இந்தக் கூட்டம் முழுவதற்கும் பெயர் கொப்பிப்பொட். துடுப்புக்காலிகள் என்று தமிழில் எழுதுவோம். கால்களை ஒன்றாக அடித்துத் தள்ளுவதால்தான் அந்தத் துள்ளல். ஆபத்து என்று தெரிந்தால் ஒரு செக்கனில் தன் நீளத்தைப் போல் சில நூறு மடங்கு தூரம் பாயக்கூடிய வேகம். நீங்கள் கரண்டியால் பிடிக்கப் போனால் தெரியும்.

நான் முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்தவன். இவற்றை முதல்முதல் பிள்ளைகளுக்குக் காட்டியது 1993 இல், யுத்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி, இரவில் எல்லோர் வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கு. பிளாந்தன் (தண்ணீரில் மிதந்து திரிகிற நுண்ணிய உயிர்கள்) பிடிக்கிற வலைக்கு எங்கே போவது? மனைவியின் பழைய நைலோன் சேலைத் தலைப்பைக் கூம்பாகத் தைத்து, வாயில் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள் றிம்மைக் கட்டி, நுனியில் ஒரு மருந்துப் போத்தலைச் செருகினேன். (சேலை பழையது என்று நான்தான் முடிவு செய்தேன். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.) பகிடி என்னவென்றால், 1931 இலிருந்து வணிகக் கப்பல்களுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பிளாந்தன் பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது, அலிஸ்ரர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. அதற்குள்ளும் பட்டுத் துணிதான். நம்முடைய சேலை அவ்வளவு மோசமில்லை.

தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் தொடையளவு தண்ணீரில் இறங்கி அந்த வலையை இருபது அடி இழுத்தோம். அங்கே வெளிக்கள நிலையம் என்று ஒன்று உண்டு. இப்போதைய பிள்ளைகளுக்கு அது பரீட்சைத் தாள் வருகிற இடம், அவ்வளவுதான். போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தால் தண்ணீர் முழுவதும் கொதிப்பது போல இருந்தது. நுணுக்குக்காட்டியின் ஆடியைச் சூரியப் பக்கம் திருப்பி ஒரு துளியை வைத்தோம். முதலில் பார்த்த பெடியன், "சேர், சிலந்திக் குஞ்சு" என்றான். பார்த்தால் நோப்ளியஸ், துடுப்புக்காலியின் குடம்பி. தாயைப் போல இராது, மூன்று சோடி உறுப்புகளோடு ஒரு உருண்டை. ஆறு தடவை நோப்ளியஸாகவே தோல் கழற்றி, பிறகுதான் தாயின் சாயலுக்கு வரும்.

இனி உங்கள் கேள்விக்கு. சைக்கிளொப்ஸைக் குடித்தால் அதுவே ஒன்றும் செய்யாது. ஆனால் மாமி சீலையால் வடித்ததை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். இந்தியாவில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. காலில் கொப்புளம் வந்து, அதற்குள்ளிருந்து முழக்கணக்கில் நூல் போல ஒரு புழு வரும். அந்தப் புழுவின் குஞ்சைத் தன் வயிற்றில் சுமந்து மனிதனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இதே சைக்கிளொப்ஸ்தான். அதை ஒழித்ததில் பெரும் பங்கு துணியால் வடித்த தண்ணீருக்கு. கடைசி நோயாளியை 1996 இல் கண்டார்கள், 2000 இல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. புழுக் குஞ்சு துணியில் தங்காது, ஆனால் அதைச் சுமக்கிற சைக்கிளொப்ஸ் தங்கிவிடும். அவ்வளவு எளிய வேலை.

ஆகவே: நாலாக மடித்த வெள்ளைத் துணியால் வடியுங்கள், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பொட்டுக்கு அல்ல, தெரியாததற்கு. நமக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிற மழைத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மலசலகூடக் குழியும் தோட்டத்துப் பசளையும் கிணற்றுக்கு வர அதிக நேரம் எடுக்காது. வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் என்கிறீர்கள், பசளையிலிருந்து இறங்குகிற நைத்திரேற்று என்ற உப்பு இருக்கிறதா என்று ஒருமுறை தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்லுவார்.

---

பாசையூரான் எழுதியது:

சேர், உங்கட சேலை வலைக் கதையை வாசித்து நானும் மனிசியும் நல்லாகச் சிரித்தோம்.

நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் இந்தத் தூள் இறாலை எங்களுக்கு வேறு வழியால் தெரியும். சூடையை வெட்டும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கோ, உள்ளே சீப்பு மாதிரிப் பல்லுப் பல்லாக இருக்கும். பாரைக்கு அப்படி நெருக்கமாக இராது. அப்பு சொல்லுவார், "இது தண்ணியை அரிச்சுத் தின்னுற சாதி" என்று. வயிற்றைக் கீறினால் சில நாட்களில் இளஞ்சிவப்பாகக் களி மாதிரி ஒன்று வரும். சின்ன வயதில் அதைச் சேறு என்று நினைத்தேன். ஒருநாள் மகளின் பள்ளிக்கூட ரீச்சர் அதைத் தண்ணீரில் கரைத்துக் காட்டினா. காலும் மீசையுமாக மிதந்தது!

கொம்புத் திருக்கையும் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இதைத்தான் தின்னும். வாயைத் திறந்தபடி போகும், அவ்வளவுதான் அதற்கு வேட்டை.

எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் சம்பலுக்குப் போடுகிற கூனியும் இந்தச் சாதியா?

---

பழைய_உயிரியல்_சேர் எழுதியது:

தம்பி, கூனி இவற்றின் ஒன்றுவிட்ட உறவு என்று வையுங்கள். அது உண்மையான இறால் வகை, பெயர் அசெற்றெஸ். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரும். ஆனால் அதுவும் மிதந்து திரிகிற கூட்டம்தான், துடுப்புக்காலிகளைப் பிடித்துத் தின்பதும் அதன் தொழில். ஆகக் கூனிச் சம்பலைச் சாப்பிடுகிறவர் உணவுச் சங்கிலியில் சூடை சாப்பிடுகிறவர் நிற்கிற அதே படியில்தான் நிற்கிறார். பாரை சாப்பிடுகிறவர் ஒரு படி மேலே. மேலே போகப் போகச் செலவு கூட. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போய்ச் சேரும், மீதி மூச்சிலும் ஓட்டத்திலும் கழிவிலும் போய்விடும். லின்டமன் என்ற இளைஞர் 1942 இல் இந்தக் கணக்குக்கு வழி காட்டினார். ஆயிரம் கிலோ அல்கா (தண்ணீரில் மிதக்கிற நுண்பாசி), நூறு கிலோ துடுப்புக்காலி, பத்துக் கிலோ சூடை, ஒரு கிலோ பாரை. கடலில் இவ்வளவு நேராக நடக்காது, ஆனால் சந்தையில் பாரை ஏன் அந்த விலை என்று மனைவிக்கு விளங்கப்படுத்த இது போதும்.

நீங்கள் செவுளைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய பாரையும் சீலாவும் துடுப்புக்காலியைத் திரும்பிக்கூடப் பாராது, உண்மை. ஆனால் அவையும் ஒருநாள் குஞ்சாக இருந்தவை. முட்டையிலிருந்து வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கிற மஞ்சட்கரு தீர்கிற அந்த இரண்டு மூன்று நாளில், கண்ணிமை மயிர் அளவு குஞ்சின் வாய்க்குள் எது கொள்ளும்? நோப்ளியஸ் கொள்ளும். அந்த நேரத்தில் அது கிடைக்காவிட்டால் குஞ்சு செத்தது. கடலில் ஒரு வருடம் மீன் படுகிறது, ஒரு வருடம் படவில்லை என்றால், மற்றக் காரணங்களோடு இதுவும் ஒன்று. வலைக்காரருக்கு அதன் பலன் தெரிய வருடங்கள் ஆகும், ஆனால் வழக்கு தீர்ந்தது அந்த மூன்று நாளில்.

ஆழ்கடலில் இவை பகலில் கீழே ஒளிந்து இரவில் மேலே வந்து மேயும். நூற்றுக்கணக்கான மீற்றர், ஒவ்வொரு நாளும். போகிற வழியில் போடுகிற எச்சம் சின்னக் குளிசை மாதிரிக் கட்டியாக அடிக்குத் தாழும், காபனையும் கொண்டுபோகும். நம்முடைய கடல்நீரேரியில் அந்த ஆட்டத்துக்கு இடமில்லை. பல இடங்களில் இடுப்புக்கும் தண்ணீர் இல்லையே.

---

நீர்வேலிக்காரி எழுதியது:

சேர், மிக்க நன்றி. குமட்டல் போய்விட்டது. இப்போது அவைமீது ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனால் அடுத்த சிக்கல். நுளம்பு பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள் வந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் குப்பி மீன் விடச் சொன்னார்கள், தாங்களே கொண்டுவந்து தருவார்களாம். மகன் அழுகிறான், மீன் விட்டால் தன்னுடைய சைக்கிளொப்ஸை எல்லாம் தின்றுவிடும் என்று. நுளம்பையும் விட ஏலாது. என்ன செய்ய?

---

பழைய_உயிரியல்_சேர் எழுதியது:

மகன் சொல்வது சரி. தின்னும்.

இதைப் பற்றி 1965 இல் புரூக்ஸ், டொட்சன் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் வாசிப்பது. அமெரிக்காவில் கனெக்ரிகட் மாநிலத்தில் ஓர் ஏரி. 1942 இல் வலை போட்டபோது பெரிய பெரிய நீர்த்தெள்ளுகளும் (இவையும் இறால் பிரிவின் சின்ன உயிர்கள்தான்) துடுப்புக்காலிகளும். பிறகு பிளாந்தன் தின்கிற ஒரு மீன் அங்கே வந்து சேர்ந்தது. 1964 இல் போய்ப் பார்த்தால் பெரியவை எல்லாம் போய், கண்ணுக்கே எட்டாத சின்னவை மட்டும் மிச்சம். மீன் கண்ணால் தேடிப் பிடிக்கும், பெரிதுதான் கண்ணில் படும். கதை அதோடு நிற்காது. பெரியவைதான் அல்காவை மேய்கிறவை. அவை குறைந்தால் தண்ணீர் பச்சையாகத் தொடங்கலாம். மேலே ஒரு மீனை விட, கீழே தண்ணீரின் நிறமே மாறும்.

கொட்டிய குளோரினும் இப்படித்தான் வேலை செய்திருக்கும். எல்லாவற்றையும் கொன்றது. பிறகு காற்றோடு போய்விட்டது. முதலில் திரும்பி வந்தது யார்? சிறகுள்ள நுளம்பு. அதன் குடம்பியைத் தின்னக் கிணற்றில் ஒருவரும் இல்லை.

சைக்கிளொப்ஸின் ஓர் இனக்கூட்டம், மெசோசைக்கிளொப்ஸ், புதிதாகப் பொரித்த ஈடிஸ் (டெங்கு பரப்புகிற) நுளம்புக் குடம்பிகளை நாளொன்றுக்கு முப்பது நாற்பது என்று கொல்லும். வடக்கு வியட்நாமில் 1990களிலிருந்து கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் அதை விட்டு, சில கிராமங்களில் டெங்கு நுளம்பை இல்லாமலே ஆக்கினார்கள். ஆனால் பிள்ளை, உங்கள் கிணற்றில் இருப்பது அந்தப் பெரிய வகைதானா என்று கைவில்லையால் சொல்ல ஏலாது. சின்ன வகைகள் குடம்பியைத் தொடாது. அதை நம்பி இருக்காதீர்கள்.

இதில் நான் விளையாட்டுக்குப் பேசவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. அதே வருட முடிவில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரிபென்சி என்ற புது மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அதற்குப் பிடித்த இடமே கிணறும் தொட்டியும்தான். ஆகவே வருகிறவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என்னுடைய யோசனை: முதலில் கிணற்று வாயை நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கள், வாளி போக ஒரு கதவு வையுங்கள். இலையும் விழாது, பூனையும் விழாது. அப்படியும் குடம்பி கண்டால் நாலு குப்பி மீன் விடுங்கள். மீன் விடுவதற்கு முன் மகனுக்கு ஒரு பரல் தண்ணீர் தனியாக எடுத்து வையுங்கள், அதையும் வலையால் மூடி.

---

கொக்குவில்_வண்ணமீன் எழுதியது:

பரல் வைக்கிறதென்றால் நான் சொல்லுகிறேன், அது என் ஏரியா. ஐந்து வருடமாக வீட்டில் வண்ணமீன் வளர்க்கிறேன். குஞ்சுக்குத் தீனி மொயினா. இது துடுப்புக்காலி இல்லை, நீர்த்தெள்ளில் சின்ன வகை. முதுகுக்குள் குஞ்சை வைத்திருக்கும். ஆண் இல்லாமலே பெண் பெண்ணாகப் பெறும், பிறந்தது நாலைந்து நாளில் தாய். ஈஸ்ற்றைக் கரைத்துத் துளித் துளியாக விட்டால் ஒரு கிழமையில் பரல் நிறையும். ஈஸ்ற் அளவு கூடினால் தண்ணீர் அழுகி ஒரே இரவில் எல்லாம் செத்துவிடும். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது, நாற்றம் அயல் வீடு வரைக்கும்.

ஒரு அடையாளம்: ஒட்சிசன் குறைந்தால் அவை சிவப்பாக மாறும். உடம்பில் ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். பரல் சிவந்தால் வடிவு என்று நின்று பார்க்காமல் தண்ணீரை மாற்றுங்கோ.

வித்துக்கு நான் எங்கும் காசு கொடுக்கவில்லை. ஆடி மாதம் எங்கள் ஊர்க் குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு பாளத்தைக் கொண்டுவந்து போத்தலில் போட்டு மழைத் தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் காலமை ஏதோ துள்ளியது! தண்ணீர் வற்றப் போகிறது என்றால் தடித்த கோதுள்ள முட்டையைப் போட்டுவிட்டுத் தாய் சாகும். அது வெயிலில் கிடந்து காயும், காற்றில் பறக்கும், கொக்கின் காலில் ஒட்டி அடுத்த குளத்துக்கும் போகும். மாரி மழையோடு குளத்துக்கு உயிர் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

---

நீர்வேலிக்காரி எழுதியது:

வலை அடித்தாயிற்று. மாமி தன்னுடைய பழைய வெள்ளைச் சேலைத் துண்டை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டியிருக்கிறா, "அப்பவே சொன்னனான்" என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிறா. மீன் இன்னும் விடவில்லை.

மகன் பரலுக்கும் முந்தி ஒரு போத்தலில் முட்டைப் பையுள்ள ஒன்றைத் தனியாக விட்டிருந்தான். இன்று காலையில் பை இரண்டையும் காணவில்லை. பதிலாகப் போத்தலின் வெளிச்சப் பக்கம் தூசி மாதிரி நிறைய. கைவில்லையில் உருண்டையாகத்தான் தெரிகிறது, தாயைப் போல வால் இல்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அதன் முன்னால் இருக்கிறான். சேர், நீங்கள் சொன்ன சிலந்திக் குஞ்சு இதுதானா?

---

பழைய_உயிரியல்_சேர் எழுதியது:

அதுதான். தாயை உடனே வேறு போத்தலில் விடச் சொல்லுங்கள். வைத்திருந்தால் குஞ்சுகளை அதுவே தின்றுவிடும்.